விளைவிலும் பங்கு, இழப்பிலும் பங்கு

ஆலயத் திருவிழாவுக்குக் கொடியேறப் பல வாரங்கள் இருக்கும்போதே உபயகாரரின் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டு விடுகிறது. அவர் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறும் நாளில் மாலை கட்டப்பட்டிருக்காது. அந்த மாலைக்குரிய பூ மொட்டுக்கூட விட்டிருக்காது. திருவிழா நாளில் அடைமழை பெய்து, சுவாமி வெளிவீதி வர இயலாமல் உள்வீதியோடு நின்றுவிட்டாலும் உபயகாரர் தமது பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. பூசை நடந்தது, தமது பங்கும் சேர்ந்தது என்ற மனநிறைவோடு விபூதி பூசிக்கொண்டு வீடு செல்கிறார். மழைக்கு எவரும் பொறுப்பல்ல என்பதை அவர் அறிவார். அந்தக் குறையையும் உபயத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறார்.

அதே அடியார் மறுநாள் பொகவந்தலாவை நகரில் மரக்கறிக் கடையின் முன்னே நிற்கும்போது கணக்கு வேறாகி விடுகிறது. போஞ்சியை ஒடித்துப் பார்க்கிறார். கோவாவின் இலையில் பூச்சி கடித்த ஓட்டை தெரிந்தால் ஒதுக்கி வைக்கிறார். பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் குறைவென்றால் அங்கே போகிறார். உழைத்துப் பெற்ற காசை எண்ணிச் செலவிடுவதில் குற்றமில்லை. ஆனால் அந்த மரக்கறியை விளைவித்தவர் யார், இந்தப் போகத்தில் அவர் கையில் என்ன மிஞ்சியது, மழையில் எத்தனை பாத்திகள் போயின என்ற வினாக்கள் அந்த இடத்தில் எழுவதே இல்லை.

ஒருவருடைய உணவுக்காக மண்ணில் பாடுபடுகிறவர் அடையும் இழப்பில், அதை உண்பவருக்கும் பங்கு உண்டா? அல்லது காசைக் கொடுத்ததோடு அவருடைய கடன் தீர்ந்து விடுகிறதா? சிந்திக்கத்தக்க இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தராசின் இரு பக்கங்கள்

மலையகத் தோட்ட மக்களுக்கு இவ்வினாவின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காய்ந்து கொழுந்து இல்லாத காலத்தில், நாள் முழுவதும் மலையில் நின்றும், குறித்த கிலோ எடுக்க முடியாமல் அரைப் பேரோடு லயத்துக்குத் திரும்பிய தாய்மார் எத்தனையோ பேர். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்தென்று தராசடியில் சில கிலோ கழிக்கப்படும் வேதனையையும் அவர்கள் அறிவர். வானம் பெய்ததும் பெய்யாததும் அவர்களுடைய குற்றமன்று. ஆயினும் வானத்தின் குற்றத்துக்கான அபராதம் அவர்களுடைய கூடையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. தூர தேசத்தில் தேநீர் அருந்துகிறவருக்கு இந்தச் செய்தி எதுவும் தெரியாது. அவர் கோப்பையின் நிறத்தையும் சுவையையும் விலையையும் மட்டுமே பார்க்கிறார்.

ஆனால் மரக்கறிக் கடைக்கு வரும்போது தோட்டத்து மக்களும் தராசின் மறுபக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். இப்போது அவர்கள் நிறுப்பவர்களின் பக்கம். நுவரெலியா மாவட்டத்திலும் வெலிமடைப் பகுதியிலும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயி விதைக்கும் பசளைக்கும் கடன்பட்டு, மூன்று மாதம் காத்திருந்து அறுவடை செய்கிறார். அவர் தரும் மூட்டை லொறி ஏறிப் பொருளாதார மத்திய நிலையங்களுக்குச் செல்கிறது. 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இவற்றுள் பெயர் பெற்றது. மலைநாட்டில் விளைந்த மரக்கறி தம்புள்ளைக்கு இறங்கி, விலை குறிக்கப்பட்டு, மறுபடியும் மலை ஏறி வருவதும் உண்டு. வழியில் வாடியும் நசுங்கியும் போவது கொஞ்சமல்ல. இலங்கையில் அறுவடைக்குப் பின் பழங்களிலும் மரக்கறிகளிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாவதாகக் கணக்கிடப்படுகிறது. சந்தையில் ஒரே நேரத்தில் சரக்குக் குவிந்து விலை விழும்போது, பிடுங்கும் கூலிக்கும் லொறிக் கூலிக்கும் கட்டாது என்று கரட்டை மண்ணிலேயே விட்டுவிடும் விவசாயிகளும் உண்டு. விலை விழுந்த நாளில் வாங்குகிறவர் மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி எவருடைய வீட்டு அடுப்பை அணைத்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

நாயன்மார் காட்டும் வழி

அறுபத்து மூவருள் ஒருவராகிய இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை அடியார்கள் அறிவர். அடியவருக்கு அமுது படைப்பதையே வாழ்வாகக் கொண்ட அவர், செல்வமெல்லாம் கரைந்த பின்னும் அத்தொண்டை விடவில்லை. மழை கொட்டும் ஓர் இரவில் சிவபெருமான் அடியவர் வேடத்தில் வந்து நின்றார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. மனைவியாரின் சொற்படி, அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை இருட்டிலே தடவி வாரிக்கொண்டு வந்தார். விறகுக்குக் கூரையின் வரிச்சைக் கொடுத்தார். கறிக்கு இளங்கீரையைப் பறித்தார். அந்த அம்மையார் ஈர நெல்லை வறுத்துக் குற்றி அமுதாக்கினார். இறைவன் காட்சி தந்து ஆட்கொண்டான்.

இந்த வரலாறு அன்பின் எல்லையைக் காட்டுகிறது. ஆனால் வேறொன்றையும் அது உணர்த்துகிறது. விதைநெல்லை வாரிக் கொடுத்தவர் தம் விருப்பத்தால் கொடுத்தார். உண்ண வந்தவன் இறைவனாக இருந்ததால் அவருக்கு எக்குறையும் வரவில்லை. மனிதர் உண்ண வரும் இடத்தில் அப்படியில்லை. இன்றைய சிறு விவசாயி விலை விழும்போதும் வெள்ளம் வரும்போதும் தம் விதைமுதலை இழக்கிறார். அதை அவர் விரும்பிக் கொடுக்கவில்லை. அவருடைய மரக்கறியைக் குறைந்த விலைக்கு உண்டவர்கள் மறு போகத்துக்கு விதை வாங்கித் தரப் போவதுமில்லை. விதைநெல்லை உண்ட விருந்தினர் யாராயினும், மறுபடி விதைப்பது எப்படி என்று கேட்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு.

அரிவாட்டாய நாயனாரின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. இறைவனுக்குச் செந்நெல் அமுதும் செங்கீரையும் மாவடுவும் படைத்து வந்த அவர், வறுமையில் கூலிக்கு நெல்லறுக்கச் சென்றார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்தார். தாழ்ந்த கார்நெல்லைத் தாம் உண்டார். நல்லது பிறருக்கு, எளியது தமக்கு என்பது அவருடைய முறை. இன்று மரக்கறிச் செய்கையில் இம்முறை தலைகீழாகி இருப்பதைக் காணலாம். விற்பனைக்குரிய பாத்திக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டு, வீட்டுக்கென்று ஒரு சிறு பாத்தியை மருந்து படாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதற்காக விவசாயியை மட்டும் குறை சொல்லுதல் நியாயமாகாது. ஓட்டையில்லாத இலையையும் மினுமினுக்கும் காயையும் மட்டுமே எடுப்போம் என்று கடையில் நிற்பவரே அவர் கையில் மருந்துத் தெளிகருவியைக் கொடுத்தார். அந்தப் பாவத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

அந்த மருந்து தெளித்த பாத்தியோடு நின்றுவிடுவதுமில்லை. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு வழியாக ஓடும் கெஹெல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பிச் சென்று, மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. தலைநகரத்து மக்கள் குடிக்கும் நீர் அந்தக் கங்கையிலிருந்தே பெறப்படுகிறது. மேலே இருப்பவர் மண்ணில் இடுவதைக் கீழே இருப்பவர் அருந்துகிறார். ஆகவே தலைப்பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இவ்விடயத்தில் பொறுப்பு மிகுதி.

பிற நாட்டார் கண்ட முறை

உண்பவரும் விளைவிப்பவரும் முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொண்டு, விளைவையும் இழப்பையும் பகிர்ந்துகொள்ளும் முறை உலகில் சில இடங்களில் நடைமுறையில் உள்ளது. ஜப்பானில் இதைத் 'தெய்கே' என்பர். கைகோத்துச் செயற்படுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மினமாட்டாவில் தொழிற்சாலையிலிருந்து கடலில் கலந்த பாதரசம் மீனின் வழியே மக்களை முடமாக்கியதும், பயிருக்கு அடிக்கும் மருந்துகள் பற்றிய அச்சமும் அந்நாட்டுத் தாய்மாரை விழிக்கச் செய்தன. 1971 ஆம் ஆண்டு தெருவோ இச்சிராகு என்பவரின் முயற்சியால் ஜப்பான் இயற்கை விவசாயச் சங்கம் தோன்றியது. நகரத்துக் குடும்பங்கள் குழுக்களாகச் சேர்ந்து விவசாயிகளிடம் சென்றன. மருந்தில்லாமல் விளைவியுங்கள், கோணலோ சிறியதோ, விளைவது அனைத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தன. 1978 ஆம் ஆண்டு இம்முறைக்குரிய பத்து நெறிகள் வகுக்கப்பட்டன. வாங்குவோர் விற்போர் என்ற நிலையைக் கடந்து ஒருவருக்கொருவர் உதவும் உறவாக இது இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படையாகும்.

1986 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள் இத்தகைய முறையைத் தொடங்கின. அவற்றுள் ஒன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டெம்பிள், வில்டன் என்னும் அயலூர்களைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் டெம்பிள் என்றால் கோயில் என்பது அடியார்கள் அறிந்ததே. அங்கே ஆண்டுக் கூட்டத்தில் பண்ணையின் முழுச் செலவும் அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் தன் வசதிக்கேற்ப எவ்வளவு தர முடியும் என்று கூறும். மொத்தச் செலவு நிறைவேறும் வரை அது தொடரும். மிகுதியாகக் கொடுத்தவர் குறைவாகக் கொடுத்தவரைவிட மிகுதியான மரக்கறி கேட்பதில்லை. ஆலய அன்னதானத்துக்கு ஒருவர் ஒரு மூட்டை அரிசியும் இன்னொருவர் ஒரு தேங்காயும் கொடுத்துவிட்டு, ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வழக்கமுள்ள மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

விரதமும் பட்டினியும்

இயற்கை விவசாயம் என்றதும் பலருடைய மனதில் 2021 ஆம் ஆண்டே வந்து நிற்கிறது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. விவசாயிகளுக்கு ஆயத்தமாகக் காலம் கொடுக்கப்படவில்லை. போதிய சேதனப் பசளையும் இருக்கவில்லை. பயிர்கள் வாடின, விவசாயிகள் வீதிக்கு இறங்கினர், நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. தேயிலையும் தப்பவில்லை. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்ட 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. அதன் வலியைத் தோட்டத்து லயங்கள் அனுபவித்தன.

இதனால் இயற்கை விவசாயமே வீண் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. கந்தசஷ்டியில் ஆறு நாள் உபவாசம் இருப்பவர் தாமே சங்கற்பம் செய்துகொண்டு, உடலையும் மனதையும் பழக்கி இருக்கிறார். அதே ஆறு நாள் ஒருவரை அறையில் பூட்டிச் சோறில்லாமல் வைத்தால் அது விரதமாகுமா? வெளித்தோற்றத்தில் இரண்டும் உணவில்லாமைதான். ஒன்று விரதம், மற்றது பட்டினி. 2021 இல் நிகழ்ந்தது பட்டினி. கட்டளையால் வந்த அந்த இழப்பு முழுவதும் விவசாயியின் தலையிலேயே விழுந்தது. உண்பவர் எவரும் அவரோடு கைகோக்கவில்லை. ஒரு நன்மையைச் செய்ய வேண்டுமானால் விரும்பிச் செய்ய வேண்டும், சிறிதாகத் தொடங்க வேண்டும், அதன் சுமையைப் பலர் தாங்க வேண்டும் என்பதே அந்த ஆண்டு தந்த படிப்பினை.

தானம் வேறு, பங்கு வேறு

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, மரக்கறிப் பாத்திகள் மண்ணுக்குள் போயின. அப்போது உலர் உணவும் உடுதுணியும் கொண்டுவந்து கொடுத்த கரங்கள் பல. ஆலயங்களும் தம்மால் இயன்றதைச் செய்தன. அது போற்றத்தக்க தருமம்.

எனினும் இழந்த பின் கொடுப்பது தானம். இழப்பதற்கு முன்பே உடன் நிற்பது பங்கு. தானம் பெறுபவர் வரிசையில் நிற்க வேண்டும், கை நீட்ட வேண்டும், பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். பங்காளிக்கு அந்தத் தலைகுனிவு இல்லை. போகம் தொடங்கும்போதே உடன்பட்ட பணம் அவருக்கு உரிமையாகச் சேர்கிறது. மழை அழித்தாலும் கடன்காரர் முன் அவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தருமத்தை விட்டுவிடலாகாது. ஆனால் பங்காக இருக்கக்கூடிய ஒன்றைத் தானமாகும் வரை காத்திருக்கச் செய்வது முழுமையான அறம் ஆகாது.

இங்கு செய்யத்தக்கது

அயலில் மரக்கறி பயிரிடும் ஒருவரோடு, எடுத்துக்காட்டாக 25 குடும்பங்கள் சேர்வதாகக் கொள்ளலாம். விதை, எரு, கூலி, அவருடைய சொந்த உழைப்பு ஆகிய யாவும் ஒரு போகத்துக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதப்பட வேண்டும். அதை 25 ஆகப் பிரித்துக் குடும்பங்கள் பொறுப்பேற்கும். வாரந்தோறும் விளைந்தது எதுவோ அது சமமாகப் பங்கிடப்படும். ஒரு வாரம் முள்ளங்கியும் கீரையும் மட்டுமே இருக்கும், இன்னொரு வாரம் போஞ்சி கூடை நிறைய இருக்கும். விளைவிப்பவர் மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு, கிருமிநாசினி தவிர்த்துப் பயிரிடுவார். குடும்பத்தவர் எந்நாளும் பாத்தியைச் சென்று பார்க்கலாம். நெருங்கிப் பழகும் இடத்தில் பத்திரத்தைவிட இந்தப் பார்வையே பெரிய உறுதியாகும்.

இதற்கு எழும் முதல் தடை பணம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் மூன்று மாதத்துக்கு முற்பணம் கொடுப்பது எப்படி? இது நியாயமான கேள்வி. கடன் வாங்கி இதில் சேருமாறு கூறுவது அறமன்று. இல்லாதவர் மீது புண்ணியத்தின் பெயரால் சுமை ஏற்றவும் கூடாது. வசதியுள்ளவர் முற்பணம் செலுத்தலாம். மற்றவர் வாரந்தோறும் சிறு தொகை கொடுக்கலாம். காசில்லாதவர் களை பிடுங்கியும் எரு சுமந்தும் உழைப்பால் பங்கு பெறலாம். சீட்டுக் கட்டி ஒருவருக்கொருவர் நம்பிக்கையோடு கை கொடுத்துப் பழகிய லயத்து மக்களுக்கு இந்த ஒழுங்கு கைவராததல்ல. இரண்டாவது தடை நிலம். வீட்டுக்கென்று 7 பேர்ச் காணி பெற்றவரிடம் பெருந்தோட்டம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள சில பாத்திகளைப் பலர் ஒன்றாகச் சேர்த்துப் பயிரிட்டாலும் பங்கிடும் அளவுக்கு விளையும்.

மூன்றாவது தடையே மிகவும் கடினமானது. அது மனம். சந்தையில் விலை விழும்போது உண்பவரின் மனம் சோதிக்கப்படும். கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இங்கே ஏன் கொடுத்தோம் என்று அது கேட்கும். மார்கழியில் விலை மூன்று மடங்காக ஏறும்போது விளைவிப்பவரின் மனம் சோதிக்கப்படும். பங்காளிகளுக்குக் கொடுப்பதை நகரத்துக்கு அனுப்பினால் என்ன என்று அது கேட்கும். புழு விழுந்த இரவில் யாருக்கும் தெரியாமல் மருந்தடித்தால் என்ன என்றும் கேட்கும். இந்த மூன்று வேளைகளிலும் வாக்குத் தவறாதவர்களே உண்மைப் பங்காளிகள். ஆகவே இது மரக்கறி வாங்கும் முறையாக மட்டும் நின்றுவிடாமல், வாக்கைக் காக்கும் ஒரு சாதனையாகவும் அமைகிறது.

ஆலயங்கள் இதற்குத் துணை நிற்க முடியும். அன்னதானத்துக்கு வேண்டிய மரக்கறிக்காக ஆலயமே முதற் பங்கை ஏற்கலாம். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தின் ஒரு பக்கத்தில் பங்கீடு நடக்க இடம் தரலாம். வரவு செலவை மாதந்தோறும் அடியார்கள் முன் வாசிக்கச் செய்யலாம். ஆனால் அம்பாளின் பெயரைச் சொல்லி எவரையும் வற்புறுத்திச் சேர்க்கலாகாது. வற்புறுத்தி வாங்கும் உபயத்தில் உபயகாரரின் மனம் இருப்பதில்லை.

இறைவனுக்கு நிவேதனம் செய்து, அதன் பின் பிரசாதமாக உண்பது சைவ மரபு. உணவு தன் சம்பாத்தியத்தால் மட்டும் வந்ததல்ல, கொடுக்கப்பட்டது என்ற எண்ணம் அந்த வழக்கத்தினுள் இருக்கிறது. மண் கொடுத்தது, மழை கொடுத்தது, எருவிட்ட மாடு கொடுத்தது, வெயிலில் குனிந்து நின்ற ஒருவர் கொடுத்தார். காசு இவற்றுள் எதையும் விளைவிக்கவில்லை. ஆகவே காசைக் கொடுத்ததோடு கடன் முடிந்துவிடாது. இழப்பு நேரும்போது அதிலும் ஒரு கை கொடுப்பவரே உண்ட கடனைத் தீர்த்தவராவார்.

தராசடியில் நின்று தம் உழைப்பு கழிக்கப்படுவதைக் கண்ட மக்கள், பிறர் உழைப்பை நிறுக்கும் வேளையில் கழிக்காதிருப்பார்களாக. விளைவிப்போர் மனம் குளிரவும், உண்போர் உடல் நலம் பெறவும், பள்ளத்தாக்கின் நீரும் நிலமும் தூய்மை பெறவும் எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் துணை நிற்பதாக.